ஒரு முழம் எங்கே?

ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்குவதற்காக ஆயிரம் கிலோகிராம் இரும்பை உருட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும் மனிதனைக் கண்டால் நம் பாட்டன்மார் என்ன சொல்லியிருப்பர்? பித்துப் பிடித்தவன் என்று சொல்லியிருப்பர். நாமோ அந்தப் பித்துக்குப் பெருமை என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். சந்திக் கடைக்குக் கார், தபாற் கந்தோருக்குக் கார், கோயிலுக்குக் கார். உடம்பு பெருத்துவிட்டது, நடவுங்கள் என்று வைத்தியர் சொன்னால், நடப்பதற்கென்று மைதானம் வரையும் கார்!

பிறரை நகைப்பதற்காக இதை எழுதினேனல்லேன். இரண்டு வருடங்களுக்கு முன்புவரை நானும் இக்கூட்டத்தில் ஒருவனாகவே இருந்தேன். ஆதலின் இது குற்றஞ்சாட்டுவோனின் உரையன்று; குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவனின் வாக்குமூலம் என்று கொள்க.

என் வேண்டுகோள் சிறியது. வைத்தியர், சட்டத்தரணி, ஆசிரியர், பொறியியலாளர், எழுதுவினைஞர், வசதி படைத்த கமக்காரர் ஆகிய நாம், வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு உட்பட்ட அன்றாட அலுவல்களுக்குக் காரை எடுக்காது துவிச்சக்கர வண்டியை எடுத்தல் வேண்டும். காரை விற்றுவிடும்படி ஒருவரையும் நான் கேட்கவில்லை. கொழும்புக்குப் போகிறவர் போகட்டும். நோயாளியை ஏற்றுகிறவர் ஏற்றட்டும். சந்தை, சங்கக்கடை, வங்கி, வாசிகசாலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் ஆகிய இவற்றுக்கு இரண்டு சில்லுகள் போதும் என்பதே என் கட்சி.

ஒரு வழக்கு

இந்த முடிவுக்கு நான் வந்த விதத்தை முதலிற் சொல்லல் வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் நட்டஈட்டு வழக்கொன்றில் எதிராளிக்காகத் தோன்றினேன். வழக்காளி எழுபது வயதை அண்மித்த ஒரு கமக்காரர். பொழுதுபட்ட நேரத்திலே தோட்டத்திலிருந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிய அவரை, பின்னால் வந்த கார் தட்டி வீழ்த்தியது. இடது கால் முறிந்தது. அதன்பின் அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை. நான்கு பரப்பு வெங்காயத் தோட்டம் குத்தகைக்குப் போயிற்று. காரின் சொந்தக்காரர் என் கட்சிக்காரர்.

வழக்கின் உயிர்நிலை ஒரு விளக்கு. பெரியவரின் வண்டியில் விளக்கு இருக்கவில்லை. இரவிலே துவிச்சக்கர வண்டி செலுத்துவோர் விளக்கேற்றிச் செல்லவேண்டும் என்பது சட்டம். சட்டத்தை எடுத்துக் காட்டினேன். காயப்பட்டவரின் கவலையீனமும் விபத்துக்குக் காரணமாயிருந்தது என்று வாதித்தேன். குறுக்கு விசாரணையில் அவரை மூன்று முறை கேட்டேன்: விளக்கு இருந்ததா, இல்லையா? மூன்று முறையும் அவர் இல்லை என்றே சொன்னார். நீதிமன்றம் என் வாதத்தை ஏற்றது. நட்டஈட்டுத் தொகை குறைந்தது. சட்டத்தின்படி அத்தீர்ப்பிற் பிழையில்லை. நான் செய்த தொழிலிலும் பிழையில்லை.

வழக்கு முடிந்து வெளியே வந்தபோது, மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பெரியவர் என்னைக் கையசைத்து அழைத்தார். கோபம் எதுவுமில்லாத குரலிலே, “தம்பி, லைற் இருந்தாலும் நான் எந்தப் பக்கத்தால போறது? கரையெல்லாம் கல்லும் கிடங்கும். நடுவால உங்கட கார் வருது. எனக்கெண்டு றோட்டில ஒரு முழம் எங்க விட்டிருக்கிறியள்?” என்று கேட்டார்.

குறுக்கு விசாரணை செய்து பழகிய எனக்கு அந்த ஒரு கேள்விக்கு மறுமொழி வரவில்லை.

மறுநாட் காலை அவ்விடத்தைப் பார்க்கச் சென்றேன், காரிலேதான் சென்றேன். கண்ணாடியூடாகப் பார்த்தபோது தெரு அழகாகவே தோன்றியது. பெரியவர் சொன்ன கல்லும் கிடங்கும் எங்கே என்று தேடினேன். காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தபோதுதான் கண்டேன். தாரின் விளிம்பு நாலு விரல் உயரத்தில் முடிந்தது. அதற்கப்பால் சரளைக்கல், சரளைக்கப்பால் மூடியில்லாத வாய்க்கால். பின்னால் வாகனத்தின் ஒலி கேட்டு ஒருவர் கரையில் ஒதுங்கினால், சில்லு அவ்விளிம்பில் இடறி விழுவார். ஒதுங்காவிட்டால் மோதுண்டு விழுவார். அவருக்கு விடப்பட்டிருந்த தெரிவு இவ்விரண்டே.

அந்த வழக்கு முழுவதிலும், இரு பக்கத்துச் சட்டத்தரணிகளாகிய நாங்கள் உட்பட, ஒருவராவது அவ்விளிம்பைப் பற்றிப் பேசவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைத்தோமல்லோம். எங்களுக்குத் தெரியாது. எங்களுள் எவரும் அவ்விளிம்பிலே வண்டி ஓட்டியவரல்லர்.

அன்று மாலை, வீட்டுக் கொட்டிலிற் சாத்திக் கிடந்த தந்தையாரின் பழைய றலி வண்டியை வெளியே எடுத்தேன்.

மறந்துபோன பாடம்

துவிச்சக்கர வண்டி நமக்குப் புதிதா? 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தைச் சுமந்தது எது? துவிச்சக்கர வண்டியன்றோ! வைத்தியர் அதிலே வைத்தியசாலைக்குச் சென்றார். நோயாளியும் அதிலேயே சென்றார். விறகும், நெல் மூட்டையும், கிளாலிக் கடல் கடந்து வந்த சாமான்களும் அதன் கரியரிலேயே ஊர் சேர்ந்தன. பற்றரி கிடையாத அந்நாட்களில், வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட இரவுகளை, என் வயதொத்தவர் எவரும் மறந்திரார்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். சிறுவனாக நானும் அக்கூட்டத்தில் நின்றேன். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்த அந்நெரிசலில் வண்டியை ஒருவரும் ஓட்டவில்லை; உருட்டினர். எங்கள் வண்டியின் கரியரில் அரிசிச் சாக்கு, பாரில் தங்கை, கைபிடியிலே தண்ணீர்க் குடம். ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதையும் அந்த இரண்டு சில்லுகள் தாங்கின.

நம் பெண்கள் அக்காலத்தில் ஆண்களின் பார் வண்டிகளிலும் ஏறி ஓடினர்; எவரும் நகைக்கவில்லை. தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991, 1992ஆம் ஆண்டுகளில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு அறிவொளி இயக்கத்தார் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தனர். அங்கே இயக்கம் கற்பித்ததை இங்கே இடுக்கண் கற்பித்தது.

பின்னர் 2022 வந்தது. ஏப்பிரல் மாதத்தில், வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாதென அரசு கைவிரித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த ஒக்ரேன் 92 பெற்றோல், ஜூன் 26ஆந் திகதி 470 ரூபாவாயிற்று. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை, அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த பிறருக்கு எரிபொருள் இல்லையென்று கூறப்பட்டது. பெற்றோல் நிலையத்தின் முன் இரவு பகலாக வரிசையில் நின்ற நாம், கடைசியில் கொட்டிலுக்குப் போனோம். துருவைத் துடைத்தோம்; செயினுக்கு எண்ணெய் விட்டோம்; வண்டியில் ஏறினோம். பின்பு கியூ.ஆர். பங்கீடு வந்தது, 2023இல் அப்பங்கீடும் நீங்கியது. உடனே வண்டியை மீண்டும் கொட்டிலிற் சாத்திவிட்டோம். நானும் அவ்வாறே செய்தேன்.

செத்தவீட்டுக்கு வந்து பாடை சுமக்கும் ஏழை உறவினனைக் கலியாண வீட்டுக்கு அழையாது விடும் குணமன்றோ இது? இடர் வந்தபோதெல்லாம் நம்மைச் சுமந்த வண்டியை, இடர் நீங்கிய மறுநாளே மறந்தோம். மூன்று முறை படித்த பாடத்தை மூன்று முறையும் மறக்கும் மாணாக்கனை என்னென்பது?

பாடம் இதுதான். நம் கையில் இல்லாத ஒரு பொருளை நம் கால்களின் இடத்தில் வைத்துவிட்டோம். சப்புகஸ்கந்தையில் 1969 முதல் இயங்கிவரும் நிலையம் சுத்திகரிப்பதும் கடல் கடந்து வந்த எண்ணெயையே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. வண்டியும் பிற நாட்டது. அதன் உணவும் பிற நாட்டது. அதை வாங்கும் பணமும் பெரும்பாலும் கடன். இத்தனைக்கும் மேலே ஏறி இருந்துகொண்டு தன்னிறைவு பற்றி மேடையிற் பேசுகிறோம். பேசியவர்களுள் நானும் ஒருவன்.

கணக்கைப் பார்ப்போம்

உணர்ச்சியை ஒருபுறம் வைத்துக் கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு சிறு பயணங்கள். ஒவ்வொன்றும் போக வர நான்கு கிலோமீற்றர் என்று கொள்வோம். நாளுக்கு 8 கிலோமீற்றர். வருடத்தில் 300 நாட்களுக்கு 2,400 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் சிறு காருக்கு 200 லீற்றர் பெற்றோல். 2022 ஜூன் மாதத்து விலையில் அது 94,000 ரூபா. இன்றைய விலையை அவரவர் பெருக்கிக் கொள்க. இயந்திரம் சூடேறுமுன் முடிந்துவிடும் குறும்பயணங்களில் எண்ணெய்ச் செலவு இன்னுங் கூடும். ரயர், காப்புறுதி, திருத்தம், தவணைக் கடன் ஆகியவற்றை நான் சேர்க்கவில்லை.

தவணைக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. வாகனத் தவணை கட்டமுடியாது நீதிமன்ற வாயிலில் நிற்கும் கமக்காரரை நான் அடிக்கடி காண்கிறேன். வெங்காயத்தின் விலை விழுந்தாலும் தவணை விழுவதில்லை. மழை பிந்தினாலும் தவணை பிந்துவதில்லை. தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடுவதற்கென்று வாங்கிய மோட்டார் சைக்கிள், ஈற்றில் தோட்டத்தையே விழுங்கிவிடுகிறது. நீர்வேலியிலிருந்து வாழைக்குலை கட்டிக்கொண்டு துவிச்சக்கர வண்டியில் சந்தைக்குச் சென்ற தலைமுறை, வண்டிக்காக எவருக்கும் கைகட்டி நின்றதில்லை.

மற்றொரு கணக்கு உடம்பின் கணக்கு. வளர்ந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்புச் செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேற்சொன்ன 8 கிலோமீற்றரை மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாரத்தில் ஐந்து நாட்களில் அவ்வறிவுரை நிறைவேறிவிடும். அதற்கென்று தனியாக ஒரு நிமிடமும் செலவாகாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்கும் நம் உத்தியோகத்தர், அம்மாத்திரை வாங்கப் போகும் மருந்துக்கடைக்காவது வண்டியிற் போகலாகாதா?

அந்தஸ்து என்னும் நோய்

எண்ணெய், பணம், உடம்பு ஆகிய மூன்று நியாயங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் நாம் ஏறுவதில்லை. ஏன்? தடுப்பது வெயிலன்று, தூரமன்று, அயலவரின் பார்வை.

வண்டியில் நீதிமன்றத்துக்குச் சென்ற முதல் வாரத்தில், “ஐயா, கார் பழுதோ?” என்று கேட்டனர். இரண்டாம் வாரத்தில், “காரை வித்துப்போட்டியளோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டனர். மூன்றாம் வாரத்தில் கட்சிக்காரர் ஒருவர் என் கட்டணத்தைக் குறைத்துப் பேசினார்! சைக்கிளில் வருகிற சட்டத்தரணிக்குச் சட்டமும் அரைவாசிதான் தெரியும் என்று எண்ணினார் போலும். அவருடைய வழக்கு முடியும்வரை அவர் அமைதியடையவில்லை. முடிந்தபின், “ஐயா ஒரு மாதிரியான ஆள்; ஆனா வேலை தெரியும்” என்று பிறரிடம் சொன்னதாக அறிந்தேன். அந்த நற்சான்றிதழ் எனக்குப் போதும்.

நகைத்துவிட்டுப் போகக்கூடிய விடயமன்று இது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை குளிரிலும் பனியிலும் இரவு வேலை செய்து அனுப்பும் பணம், இங்கே ஒழுங்கை வாயிலில் ஒரு காராக நிற்கின்றது. அப்பிள்ளை அங்கே பேருந்திலும் துவிச்சக்கர வண்டியிலும் வேலைக்குப் போகக்கூடும். தகப்பனார் இங்கே காரிற் சென்று கறிவேப்பிலை வாங்குகிறார். கலியாணப் பேச்சிலே மாப்பிள்ளையின் குணத்தைக் கேட்குமுன் வாகனத்தைக் கேட்கின்றோம். வண்டி ஓடுகிறவன் வறியவன், வறியவன் தாழ்ந்தவன் என்னும் கணக்கு நம் உள்ளத்திலே எழுதிக் கிடக்கிறது. மனிதரை ஏறிவரும் வாகனங் கொண்டு அளக்கும் சமுதாயம், சமத்துவத்தைப் பற்றிப் பேசத் தகுதியுடையதா?

தெரு யாருக்குச் சொந்தம்?

இனி என் வழக்கின் நடுநாயகமான நியாயத்துக்கு வருகிறேன்.

இன்றும் நம் தெருக்களில் துவிச்சக்கர வண்டி ஓடாமலில்லை. ஓடுபவர் யார்? பள்ளிச் சிறுவர், கூலித் தொழிலாளர், மீன் விற்பவர், வயதான கமக்காரர், தையற் கடைக்கும் புடைவைக் கடைக்கும் வேலைக்குப் போகும் இளம்பெண்கள். வேறு வழியில்லாதவர் ஓடுகின்றனர், வழியுள்ளவர் இறங்கிவிட்டனர். இதன் விளைவு என்ன? தெருவைப் பற்றிப் பேசும் வாயுள்ளவர்கள் அதன் விளிம்பை அறியார். விளிம்பை அறிந்தவர்களுக்குப் பேசும் இடமில்லை. கூட்டங்களில் இருப்பவர், மனு எழுதுபவர், பத்திரிகைக்கு எழுதுபவர், வரைபடம் கீறும் பொறியியலாளர், வழக்குப் பேசும் சட்டத்தரணி ஆகிய அனைவரும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றனர். ஆதலினாலேயே தெரு அவர்களுக்காகப் போடப்படுகின்றது.

போர் ஓய்ந்தபின் காங்கேசன்துறை வீதியும் பலாலி வீதியும் பருத்தித்துறை வீதியும் திருத்தப்பட்டன. கிடங்குகளில் விழுந்தெழும்பிய நமக்கு அது நன்மையே, மறுப்பாரில்லை. ஆனால் அகன்ற தெருவில் வேகமும் வந்தது. வேகம் இருமடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். மணிக்கு 30 கிலோமீற்றரில் தட்டுண்டவர் எழுந்து வீடு போகக்கூடும். 60இல் தட்டுண்டவரை நான்கு பேர் தூக்கவேண்டும். 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோமில் கூடிய வீதிப் பாதுகாப்பு மாநாடு, நடப்போரும் துவிச்சக்கர வண்டியோரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்ச வேகமாக இருத்தல் வேண்டும் என்று அறிவித்தது. நம் பள்ளிக்கூட வாயில்களில் அதை எங்கே காண்கிறோம்?

நெதர்லாந்து வண்டிகளின் நாடு, அங்குள்ளவர் பிறவியிலேயே அப்படி, நமக்கு அது ஒவ்வாது என்பர் சிலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார் பெருகியது. அங்கும் வண்டிகள் ஒதுக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுத் தெருக்களில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். சிறுவரைக் கொல்வதை நிறுத்துக என்னும் முழக்கத்தையே தம் இயக்கத்தின் பெயராகக் கொண்டு தாய் தந்தையர் தெருவிலிறங்கினர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாதென அரசு விதித்தபோது, வெறுமையான பெருந்தெருக்களிற் பிள்ளைகள் விளையாடினர். தெரு வேறுவிதமாகவும் இருக்கலாம் என்பதை மக்கள் கண்ணாற் கண்டனர். கண்டவர் விடவில்லை, மன்றங்களை நெருக்கினர், ஊர் ஊராகப் போராடினர். இன்று உலகம் வியக்கும் அந்த வண்டிப் பாதைகள் அவ்வாறு வென்றெடுக்கப்பட்டவை.

அவர்களுக்கு 1973 வந்தது. நமக்கோ 1990உம் வந்தது, 2022உம் வந்தது. அவர்கள் நெருக்கடியைப் பாதையாக்கினர்; நாம் நெருக்கடியைக் கதையாக்கினோம்.

நாம் கேட்கவேண்டியவை

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் எல்லைக்குட்பட்ட பொதுத் தெருக்களைப் பேணும் பொறுப்பைப் பிரதேச சபைக்கே கொடுக்கிறது. துவிச்சக்கர வண்டிக்கு வரி அறவிடும் அதிகாரத்தையும் அச்சட்டம் சபைக்குக் கொடுத்திருக்கிறது. வரி வாங்கும் கைக்கு வழி கொடுக்கும் கடமையும் உண்டன்றோ? பெருவீதிகள் மத்திய அரசின் கீழுள்ளவை என்பது உண்மை. ஆயினும் நம் அன்றாட அலுவல்களுட் பெரும்பாலானவை நடப்பது ஒழுங்கைகளிலும் ஊர்த் தெருக்களிலுமாம். அவற்றுக்கு நம் வாக்குப் பெற்றவரே பொறுப்பாளர். அவர்களிடம் நாம் கேட்கவேண்டியவை நான்கு.

முதலாவது, தாரிடும் ஒவ்வொரு தெருவிலும் விளிம்பைச் சரித்து நிலத்தோடு சமப்படுத்தல் வேண்டும். வாய்க்கால்களுக்கு மூடி இடல் வேண்டும்.

இரண்டாவது, பள்ளிக்கூடங்கள், சந்தைகள், வைத்தியசாலைகளைச் சூழ்ந்த தெருக்களில் வேகத்தை 30 கிலோமீற்றருக்குக் குறைத்தல் வேண்டும். பலகை மட்டும் போதாது, வேகத்தடையும் வேண்டும்.

மூன்றாவது, வெட்டப்பட்ட நிழல்மரங்களுக்கு ஈடாக வேம்பும் பூவரசும் தெருவோரம் நடப்படல் வேண்டும். நம் ஊரின் வெயிலில் நிழலும் தெருவின் ஒரு பகுதியே.

நான்காவது, ஒவ்வொரு பொது அலுவலகத்திலும் சந்தையிலும் வண்டி நிறுத்தக் கூரையுள்ள கொட்டில் ஒன்று வேண்டும். காருக்கு மரநிழலும் வண்டிக்கு வேலியோரமும் என்ற நிலை ஒழிதல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை, பெருங்கடனும் வேண்டியதில்லை. கேட்பவர் வேண்டும். கேட்பவர் அத்தெருவில் வண்டி ஓடுபவராகவும் இருத்தல் வேண்டும்.

மறுப்புரைகள்

எதிர்க்கட்சியின் நியாயங்களையும் கேட்பது முறை.

வெயில் என்பர். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் நம் அலுவல்களுட் பாதியை முடிக்கலாம். நான் கறுப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு ஆறு கிலோமீற்றர் ஓடுகிறேன். மன்றத்திற் சேர்ந்து முகங்கழுவிக் கோட்டை அணிகிறேன். இதுவரை எந்த நீதவானும் என் வியர்வையைக் குறித்துக் கருத்துரைத்ததில்லை.

மழை என்பர். மழைநாளிற் காரை எடுங்கள். நான் விரதம் விதிக்கவில்லை. வழக்கத்தை மாற்றச் சொல்கிறேன்.

சுமை என்பர். கமக்காரருக்கு இது நேர்மையான மறுப்பு. பத்து மூட்டைக்கு லொறி வேண்டும். உழவு இயந்திரமும் வேண்டும். ஆனால் பத்துக் கத்தரிக்காய்க்கும் ஒரு கட்டுக் கீரைக்கும் இயந்திரம் எதற்கு?

முதுமையும் பிணியும் என்பர். அவர்களுக்கு இவ்வேண்டுகோள் உரியதன்று. நாம் காரைக் குறைத்தால், காரின்றி இயலாத அவர்களுக்குத் தெருவும் தரிப்பிடமும் இலகுவாகும்.

ஆபத்து என்பர். இதற்கு மட்டும் என்னால் எளிதில் விடை கூற முடியாது. ஆபத்து உண்டு. பின்னால் வரும் வாகனத்தின் ஒலியை முதுகால் கேட்பது எத்தகையது என்பதை இந்த இரண்டு வருடங்களில் அறிந்துகொண்டேன். முன்விளக்கும் பின்விளக்கும் பூட்டியிருக்கிறேன். ஆயினும் அச்சம் நீங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேளுங்கள். ஆபத்தென்று நாம் விலகிவிட்டால் ஆபத்து ஒழிந்துவிடுமா? நம் தோட்டத்தில் வேலை செய்பவரும், நம் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவரும், அயல்வீட்டுப் பிள்ளையும் அதே விளிம்பில் நாளையும் போவர். நாம் விலகுவதால் ஆபத்து அவர்கள் தலையில் முழுமையாக விழுகின்றது. நாம் ஓட்டும் காரும் அதனோடு சேர்கின்றது. சட்டத்தரணியும் வைத்தியரும் அதிபரும் பொறியியலாளரும் அவ்விளிம்பில் ஓடத் தொடங்கினால், அந்த விளிம்பு நெடுநாள் நிலைக்காது. எந்த மனுவையும் விட விரைவாக அது சரி செய்யப்படும் என்பதை, இந்நாட்டின் நடைமுறை அறிந்த எவரும் மறுக்கமாட்டார். இது நியாயமான நிலையா? நியாயமன்று. ஆனால் உண்மை அதுவே. நம் செல்வாக்கை நமக்கென்று வைத்துக்கொள்ளாது தெருவோரத்தில் இறக்கி வைப்போம்.

முடிவுரை

மக்களுக்காகப் பேசுவோர் மக்கள் நடக்கும் வழியில் நடத்தல் வேண்டும் என்று மேடைகளில் எத்தனையோ முறை கூறியிருக்கிறேன். கூறிவிட்டுக் காரிலேறிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். காரின் கதவு சாத்தப்படும்போது எழும் அந்த மெல்லிய ஒலிக்குப் பின் ஊரின் ஒலி எதுவும் கேட்பதில்லை. வண்டியில் அப்படியொரு கதவில்லை. ஒழுங்கையில் நின்று ஒருவர் கூப்பிட்டால் காலை ஊன்றி நிற்கலாம். கிணறு உப்பாகியதையும், வாய்க்கால் அடைத்ததையும், யாருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டது என்பதையும் இந்த இரண்டு வருடங்களில் வண்டியில் இருந்தே அறிந்தேன். முந்திய பத்து வருடங்களில் கூட்டங்கள் வைத்து அறிந்தது அதனிற் குறைவு.

வரும் திங்கட்கிழமை, வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் உள்ள ஓர் அலுவலுக்கு, ஒன்றே ஒன்றுக்கு, கொட்டிலிலுள்ள வண்டியை எடுங்கள். காற்று இல்லையென்றால் சந்திச் சைக்கிள் கடையில் அடிக்கச் சொல்லுங்கள். ஒட்டுப் போடவேண்டுமென்றால் போடச் செய்யுங்கள். விளக்கு ஒன்று பூட்டுங்கள். போகும் வழியில் தாரின் விளிம்பைப் பாருங்கள். திரும்பி வந்ததும், கண்டதை ஒரு தாளில் எழுதி உங்கள் வட்டாரத்துச் சபை உறுப்பினரின் கையிற் கொடுங்கள். நூறு பேர் கொடுத்தால் அது செய்தி. ஆயிரம் பேர் கொடுத்தால் அது தீர்மானம்.

அப்பெரியவர் கேட்டது ஒரு முழம். கைபிடி அகலமுள்ள வண்டிக்கு ஒரு முழம் போதாது என்பதை இன்று நான் அறிவேன். நான்கு முழம், அதாவது ஒரு பாகம் இருந்தால், இருவர் அருகருகே அச்சமின்றிப் போகலாம். அந்த ஒரு பாகத்தைத் தெருவின் இருமருங்கும் பெறும்வரை, அன்று மன்ற வாயிலில் அவர் கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி சொன்னவனாகேன். வழக்கிலே வென்றவன் நான். ஆயினும் கடன்பட்டவனும் நானே. அக்கடன் என் ஒருவனுடையது மட்டுமன்று என்று எண்ணுவோர் வண்டியை எடுத்துக்கொண்டு வருக!